சவுக்கைக்கு அனுப்பிய சீட்டு

மக்களே,

சுகம், சுகமறிய ஆவல் என்று எழுதிப் பக்கத்தை நிரப்ப எனக்குப் பொறுமை கிடையாது. பெங்களூரில் முத்தையாவின் சித்தப்பா வீட்டில் பதினைந்து நாள் தங்கி, வண்டியைச் சீர் பார்த்துவிட்டுத்தான் பம்பாய்க்குப் புறப்படுவோம் என்று சொன்னாயே மகனே, அதை நம்பி இதை எழுதுகிறேன். நம்ம ராஜாவின் அஞ்சலில் போட்டால் ஆரல்வாய்மொழி எல்லையைத் தாண்டாது. அதனால் இங்கிலீஷ்காரன் தபாலாபீசுக்கு நானே நடந்து போய்ப் போடுவேன். நடக்கிறது எனக்கு ஒரு பாடா? ஒரு இடத்தில் இருக்கச் சொன்னால்தான் பாடு. இந்தக் கடிதத்தையே மூன்று நாளாக எழுதுகிறேன். நாலு வரி எழுதுவேன், எழுந்து வாசலுக்குப் போவேன், ரோட்டைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். இதை நீ ஒளித்து வைத்து வாசிக்க வேண்டாம். முத்தையாவை எதிரே உட்கார வைத்து உரக்கவே வாசி. அவனுக்கும் இதில் பங்கு உண்டு. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் என் எழுத்து யாருக்கும் தெளிவாக இருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் என் சிலேட்டைத்தான் மற்றப் பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டுவார்கள்.

நீங்கள் புறப்பட்ட ஆறாம் நாள் உன் வீட்டுக்காரி எஸ்தர் அடுக்களையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு தந்தி கொடுக்க வேண்டும் என்றாள். அம்மை கிடப்பில், உடனே வரவும் என்று என் பேரைச் சொல்லி. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், தலை நிமிரவில்லை. எனக்கு என்னட்டி கேடு, கல்லு மாதிரி இருக்கேனே என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அவியளுக்கு வலிப்பு உள்ள உடம்பில்லியா மாமி. ஓடுகிற வண்டியில அது வந்துச்சுன்னா, முன்னால இருக்கவருக்குத் தெரியுமா, பின்னால ஆளு விழுந்தது?" என்றாள்.

மக்களே, உனக்கு வலிப்பு இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. மூன்று வயதில் உனக்கு வந்ததாக நாங்கள் சொல்லி வளர்த்தோமே, அந்த வலிப்பு நான் ஒரு துண்டுக் காகிதத்தில் என் கையால் எழுதினது. அதனால்தான் நீ எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தும் வண்டி ஓட்டாமல், இங்கிருந்து பெங்களூர்வரை முத்தையாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்சீட்டில் போயிருக்கிறாய். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் இப்படி ஒரு வரியில் எறிந்துவிட்டுப் போனால் அதுவும் ஒரு ஏமாற்று. ஏன் எழுதினேன் என்பதைச் சொல்ல வேண்டும். அது உனக்குப் பிடிக்கப் போவதில்லை. எனக்கும் பிடிக்கவில்லை.

நாம் அப்போது அருமனையில் இருந்தோம். உங்கப்பாவுக்கு மலையடிவாரத்து ரப்பர் தோட்டத்தில் எஞ்சின் பார்க்கிற வேலை. சீமையில் நடந்த பெரிய சண்டை முடிந்து ஒன்றிரண்டு வருஷத்தில் அந்தத் தோட்டத்து துரை சீமைக்கே திரும்பிவிட்டார். போகும்போது தன்னுடைய மோட்டார் சைக்கிளை உங்கப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தோல்வார் பூட்டி ஓடுகிற பழைய வண்டி. ஒரு பர்லாங்கு தள்ளிக்கொண்டு ஓடினால்தான் உயிர் வரும். அதற்குப் பக்கத்தில் தொட்டி மாதிரி ஒரு சைடுகார். அந்தச் சைடுகார்தான் என் இடம். எனக்கு அப்போது இருபத்தோரு வயது. சேலைத் தலைப்பை இறுக்கிச் சுற்றி, உன்னை மடியில் வைத்து, உள்ளே இறங்கி உட்கார்ந்தால் தரை ஒரு முழம் கீழே ஓடும். முதல்நாள் குலசேகரம் ரோட்டில் போனபோது நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தேனாம். உங்கப்பா சொல்லித்தான் எனக்கே தெரியும். வழியெல்லாம் பெண்டுகள் வேலிக்கு வந்து, துரைசானி போறா பாரு என்று கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டேன். ஆற்றுக்குத் தண்ணீருக்கும் சபைக்கு ஜெபத்துக்கும் தவிர எங்கும் போகாத கால் எனக்கு. அந்தத் தொட்டிக்குள் உட்கார்ந்து கன்னியாகுமரி பார்த்தேன், திருவனந்தபுரம் பார்த்தேன், ஒரு தடவை குற்றாலமும் பார்த்தேன். வளைவில் அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் போகிற அந்த ருசி நாக்கில் பட்டுவிட்டால் பிறகு சோறு இறங்காது. உனக்கு அது எங்கிருந்து வந்தது என்று எஸ்தர் கேட்கிறாள். எல்லாரும் அப்பாவிடமிருந்து என்கிறார்கள். என்னிடமிருந்து என்று சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சூசை மாமா நமக்குக் கிடைத்ததும் ரோட்டில்தான். புதுக்கடைச் சந்தைக்குப் போகிற வழியில் சைடுகார்ச் சக்கரம் ஒரு வாய்க்காலில் இறங்கிவிட்டது. நான் உன்னையும் தூக்கிக்கொண்டு வரப்பில் நிற்கிறேன், உங்கப்பா தோள் கொடுத்துத் தள்ளுகிறார், அசையவில்லை. குளச்சலிலிருந்து கருவாட்டுக் கூடையோடு வந்த ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இதென்ன வே, கட்டுமரத்துக்குப் பக்கத்தில பெட்டி கெட்டிக்கிட்டு கரையில ஓட்டுகீரு?" என்றார். பிறகு ஒரே தூக்கு. கடலில் வள்ளம் தள்ளின கை அது. அன்று அவர் கூடை சைடுகாரில் ஏறியது, நான் சந்தைவரை நடந்தேன். அதிலிருந்து செவ்வாய்தோறும் கூடை வண்டியில்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை அதே தொட்டியில் நான் சபைக்குப் போய் இறங்கினால் பக்கத்துப் பெஞ்சுக்காரிகள் மூக்கைப் பொத்துவார்கள். ஏட்டி, காணிக்கைக்குக் கருவாடா கொண்டு வந்தே என்று ஒருத்தி கேட்டாள். நாங்கள் சீர்திருத்தச் சபை, அவர் மாதா கோயில்காரர், அதற்கும் இரண்டு பக்கமும் முணுமுணுப்பு இருந்தது. உங்கப்பாவும் அவரும் அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டதே இல்லை. அவர்களுக்குப் பேச இருந்தது ஒன்றே ஒன்றுதான், இன்னும் போகாத ரோடு. உனக்கும் முத்தையாவுக்கும் இப்போது இருக்கிறது மாதிரி. சபை வேறு, சாதி வேறு, அவன் பூதப்பாண்டி வயல்காரன், நீ பள்ளிக்கூடத்து வாத்தியார். வேகாத வெயிலில் டியூபுக்கு ஒட்டுப் போடும்போது அதில் எதுவும் உதவாது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறவன்தான் உதவுவான்.

சூசை மாமாவின் தம்பி ஒருவன் புயலில் கடலுக்குள் போய் மூன்றாம் நாள் கரை சேர்ந்தான். அதற்கு அவர் வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்ச்சை நேர்ந்திருந்தார். போகிறதுதான் போகிறோம், அங்கிருந்து மெட்ராஸ்வரை போய் வருவோம் என்று உங்கப்பா சொல்ல, இரண்டு பேரும் மூன்று மாதம் அதையே பேசினார்கள். மண்ணில் குச்சியால் கோடு கிழித்து திருநெல்வேலி, மதுரை, தஞ்சாவூர் என்று கல் வைப்பார்கள். நான் காப்பி கொண்டுவந்து வைக்கும்போது அந்தக் கோட்டை மிதிக்காமல் தாண்டிப் போவேன். ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்வேன், இன்றைக்குச் சொல்லுவார், நீயும் வா என்று. நானாகக் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? எனக்கென்று ஒரு இடம் அந்த வண்டியில் இருக்கிறதே, அது எல்லாருக்கும் தெரியுமே என்று இருந்தேன். அது என் வீறாப்பு.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, மழை விட்ட ஒரு சாயங்காலம், கொட்டகையில் ஸ்பானர் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். உங்கப்பா சைடுகாரின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆரல்வாய்மொழிக் காற்று பக்கவாட்டில் பிடித்துத் தள்ளும், தோல்வார் அவ்வளவு பாரம் இழுக்காது, சூசை பின்னால் உட்கார்ந்து வருவான் என்று காரணம் சொன்னார். எல்லாம் நியாயமான காரணம்தான். இப்போது யோசித்தாலும் அவர் செய்தது சரி. நான், "அப்போ எனக்க இடம்?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "மூலையில கெடக்கட்டும். பிள்ளையையும் வச்சுக்கிட்டு நீ எங்க போகப் போறே?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை மக்களே. அடுப்பில் பால் பொங்குது பாரு என்று சொல்கிற குரலில் சொன்னார். அதுதான் என்னை அறுத்தது. நான் அழவில்லை, சண்டை போடவில்லை. வழிக்கு அவலும் கருப்பட்டியும் கட்டிக் கொடுத்தேன். வெளுக்கும் நேரத்தில் அவர் தள்ளிக்கொண்டு ஓடி ஏறிப் போனபோது கை காட்டினேன். சத்தம் தேய்ந்து போகிறவரை நின்றேன். பிறகு உள்ளே வந்து, பால் கணக்கு எழுதுகிற நோட்டில் ஒரு தாளைக் கிழித்தேன்.

அவர்கள் குளச்சல் போய் மாமாவின் அம்மையிடம் சொல்லிக்கொண்டு, நாகர்கோவிலில் பெட்ரோல் டின் வாங்கிக்கொண்டுதான் போவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆரல்வாய்மொழிச் சவுக்கையில் உப்பு இருக்கிறதா, புகையிலை இருக்கிறதா என்று மூட்டையை அவிழ்த்துப் பார்க்காமல் ஒரு வண்டியையும் எல்லை தாண்ட விடமாட்டார்கள். அதிகாரி சாப்பிடப் போனால் அவர் வருகிறவரை காத்திருக்க வேண்டும். நாகர்கோவில் போகிற பஸ்காரரிடம் சீட்டைக் கொடுத்தேன். அங்கே திருநெல்வேலி பஸ்காரரிடம் கொடுத்துச் சவுக்கையில் சேர்க்கச் சொன்னேன். பிள்ளைக்கு வலிப்பு கண்டிருக்கிறது, உடனே திரும்பி வரவும். இவ்வளவுதான் எழுதியிருந்தேன். காய்ச்சல் என்று எழுதியிருந்தால் அவர் திரும்பியிருக்க மாட்டார். அடுத்த வளவில் ஒரு குழந்தை அந்த மாதம்தான் வலிப்பில் போயிருந்தது. நான் அந்தச் சொல்லைத் தேடி எடுத்துத்தான் போட்டேன். பிறகு என்னை யாராவது கேட்டால் சொல்ல ஒரு காரணமும் வைத்திருந்தேன். மாதா கோயிலுக்குப் போனால் சபையில் திருவிருந்து கொடுக்கமாட்டார்கள் என்று பயந்தேன் என்று. அது பொய்க்கு மேல் ஒரு பொய். உண்மை, கொட்டகை மூலையில் கிடந்தது.

சவுக்கையில் சீட்டை வாங்கிய சேவகன் அதை உரக்கப் படித்தானாம். உங்கப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சூசை மாமா தானும் திரும்புவதாகச் சொன்னார். நேர்ச்சை உன்னுடையது, அதை நடுவழியில் நிறுத்தாதே, வண்டியை எடுத்துக்கொண்டு பையப் போ, பிள்ளை தேறினால் ரயில் பிடித்து மதுரைக்கு வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று உங்கப்பாதான் அவரை அனுப்பினார். திருவனந்தபுரம் போகிற யாரோ ஒரு வக்கீலின் கார் அங்கே நின்றது. அதில் ஏறி, தொடுவட்டியில் இறங்கி, மீதி வழியை ஓடியே வந்தார். நீ முற்றத்தில் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தாய், நாடியெல்லாம் சாறு வழிய. வந்துவிட்டுப் போய்விட்டது என்றேன். அவர் உன்னைத் தூக்கி, கண்ணை விரித்துப் பார்த்தார், கைகால்களை நீட்டிப் பார்த்தார். பிறகு வலிப்புக்கு இரும்பு பிடிக்க வேண்டும் என்று கொட்டகைச் சாவியைக் கொண்டுவந்து உன் கைக்குள் வைத்து மூடினார். மறுநாள் அந்தச் சாவி உன் அரைஞாண் கயிற்றில் ஏறியது. நீ பெரிய பள்ளிக்கூடம் போகிறவரை அது அங்கேதான் கிடந்தது.

மூன்றாம் நாள் சேதி வந்தது. கயத்தாறு தாண்டி, பட்டப்பகலில், எதிரே பனையோலைப் பாரம் ஏற்றின மாட்டுவண்டி. வண்டிக்காரன் தூங்கிவிட்டான், மாடு ரோட்டின் குறுக்கே வந்தது. சூசை மாமாவுக்கு வண்டியை ஓட்டத் தெரியும், திடீரென்று நிறுத்தத் தெரியாது. உங்கப்பா ஓட்டியிருந்தால் நிறுத்தியிருப்பார். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் வலது காலை முட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வண்டி இரும்பு விலைக்குப் போயிற்று. அன்றே சொல்ல வாயெடுத்தேன் மக்களே. ஆனால் சொன்னால் வலிப்புதான் இல்லாமல் போகும், கால் திரும்ப வருமா என்று தோன்றியது. அன்று விட்டதை மறுநாள் எடுக்க முடியவில்லை. ஒரு மாதம் போனபிறகு அது பொய்யாகவே தெரியவில்லை, நம் வீட்டுச் சங்கதிகளில் ஒன்றாகிவிட்டது. பெரிய மாமிக்கு ஆஸ்துமா, நமக்கு வடக்கே ஒரு தென்னை, பிள்ளைக்கு வலிப்பு.

அதற்குப் பிறகு உங்கப்பா எந்த வண்டியிலும் கை வைக்கவில்லை. சைடுகாரை விற்கவும் இல்லை. அதில் கோழிகள் அடைகாக்கத் தொடங்கின. என் இடத்திலிருந்து தினமும் முட்டை எடுத்து வருவேன். சூசை மாமா மரக்கால் வைத்துக்கொண்டு புதுக்கடைச் சந்தையில் முக்காலி போட்டு உட்கார்ந்து கருவாடு விற்றார். செவ்வாய்தோறும் உங்கப்பா பஸ் ஏறிப் போய் அவர் பக்கத்தில் உட்காருவார். ஒருநாள் நானும் போனேன். இரண்டு பேரும் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை காசிவரை. மாமா, பாலாற்றில் பாலம் இருக்கா, இல்லேன்னா மணலில உருட்டணுமா என்று கேட்கிறார், உங்கப்பா யோசித்துப் பதில் சொல்கிறார். மூன்று கால் உள்ள இரண்டு பேர். நான் கருவாடு வாங்க வந்தவள் மாதிரி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

உன்னை மரத்தில் ஏற விடவில்லை. குளத்தில் இறங்க விடவில்லை. நாம் பூதப்பாண்டிக்கு வந்த புதிதில், பெரிய குளத்தில் பிள்ளைகளெல்லாம் குதித்துக் கும்மாளம் போட, நீ கரையில் நின்று அவர்களுடைய உடுப்புகளுக்குக் காவல் இருந்தாய். பத்து வயது. இடுப்பில் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் துணி வெளுக்க வந்தவள், அதைப் பார்த்துவிட்டு, துவைக்காமலே துணியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்தக் குளத்தங்கரையில்தான் முத்தையா உனக்குக் கூட்டானான் என்று பிறகு தெரிந்தது. நீ நீந்தாததால் அவனும் இறங்காமல் உன்னோடு கரையில் உட்கார்ந்திருப்பானாம். போன வருஷம் அவன் இந்த மோட்டார் சைக்கிளை வாங்கி வந்தபோது என்னிடம் முறையிட்டான். "இவன் என்ன அம்மை, எஞ்சினைக் குடலை உருவுக மாதிரி உருவித் திரும்பப் பூட்டுகான், ஹாண்டிலைத் தொடச் சொன்னா கோயில் யானையைத் தொடச் சொன்ன மாதிரி ஒதுங்குகான்." நீ சிரித்து மழுப்பினாய். நான் மோர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனேன். மோரை ஊற்றிவிட்டுக் கொல்லைப்புறத்தில் போய் நின்றேன். உள்ளே வரக் கால் வரவில்லை.

உங்கப்பா அடக்கத்துக்கு மறுவாரம் சூசை மாமா வந்தார். நீ கடைக்குப் போயிருந்தாய். மரக்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, வேறெதையோ பேசுகிற மாதிரி அந்தச் சீட்டைப் பற்றிப் பேசினார். சவுக்கையில் அதைத் தானும் வாங்கிப் பார்த்ததாகச் சொன்னார். "நல்ல எழுத்து தங்கச்சி. வரி கோணல. புள்ளி ஒண்ணு விடல. பிள்ளை வலிச்சுக்கிட்டுக் கெடக்கும்போ எந்தத் தாய்க்கு இப்படிக் கை நிக்கும்னு எனக்கு அப்பவே தோணிச்சு." ஏன் அண்ணாச்சி அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் உன்னைப் பற்றி அவர் என்ன நினைப்பார், அதனால்தான் வாயைத் திறக்காமல் அவரை வீட்டுக்குப் போகச் சொன்னேன் என்றார். உங்கப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். நாங்கள் பதின்மூன்று வருஷம் ரோட்டைப் பற்றி மட்டும்தான் பேசினோம் என்றார். ஒரு காலைப் பறிகொடுத்தவர் பறித்தவள் வீட்டில் வந்து உட்கார்ந்து, அவளுடைய கையெழுத்தை மெச்சிவிட்டுப் போனார். நட்பைப் பற்றி நான் உனக்கு வேறு புத்தி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கேட்டுக்கொள். கூட்டுக்காரனுக்காக வாயை மூடிக்கொள்கிறது பெரிய காரியம்தான். அவர் அன்றைக்கு மூடாமல் இருந்திருந்தால் அவருக்குக் கால் இருந்திருக்கும், உனக்குக் குளம் இருந்திருக்கும். முத்தையாவிடம் நீயும், உன்னிடம் அவனும், அவ்வளவு பெரிய மனசு காட்ட வேண்டாம்.

அதற்குப் பிறகும் ஆறு வருஷம் நான் பேசவில்லை. இப்போது பேச வைத்தது உன் மகள். இரண்டு வயது நிறையவில்லை, ரோட்டில் போகிற பஸ்ஸைச் சத்தம் கேட்டே இன்னாருடையது என்று சொல்கிறாள். இந்தத் தெருவில் எந்தப் பிள்ளைக்கு அந்தக் காது இருக்கிறது? போன வியாழக்கிழமை அவளுக்குக் கொஞ்சம் மேலுக்குச் சூடாக இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, அன்றைக்கே விட்டுவிட்டது. மறுநாள் அவளைக் குளிப்பாட்ட எடுத்தேன். இடுப்பில் ஏதோ குத்தியது. பார்த்தால், அரைஞாணில் ஒரு இரும்புச் சாவி. அப்பனுக்கு உள்ளது பிள்ளைக்கும் வருமாமே மாமி என்றாள் எஸ்தர். நான் அரிவாள்மணையில் அந்தக் கயிற்றை அறுத்தேன். ஈரக் கையோடு நின்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே உனக்கு எழுதியிருக்கிற அளவு ஒழுங்காகச் சொல்லவில்லை, முன்னும் பின்னுமாகச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் குழந்தையை மார்போடு பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவியளுக்க மூச்சைக் கேட்டுக்கிட்டேதான் மாமி கெடக்கேன். ஒருநாளு அசந்து உறங்கினதில்ல," என்றாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. மூன்றாம் நாள் காகிதமும் மைக்கூடும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நீங்களே எழுதணும், நான் எழுதினா அவிய நம்பமாட்டாவ என்றாள். அதனால் எழுதுகிறேன்.

தந்தி வராது. அதை அவளும் விட்டுவிட்டாள். ஆனால் நீ வர வேண்டாம் என்று அவள் சொன்னதாக நான் எழுதினால் அதுவும் பொய். அவளுக்கு உன்னை இப்போதே பார்க்க வேண்டும், பழகின ஆளா, வேறு ஆளா என்று தெரிய வேண்டும். பெங்களூரில் ரயில் ஏறி வந்தாலும் சரி, பம்பாய் பார்த்துவிட்டு வந்தாலும் சரி, அது உனக்கும் அவளுக்கும் உள்ளது. அவளுக்கு நீயே எழுது. அவள் கேட்காமல் நீயாகவே எழுது, கேட்கட்டும் என்று இருக்காதே. வீட்டில் ஒருவரை விட்டுவிட்டுப் போகும்போது அவர்களுடைய இடம் எங்கே என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போனால் அவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு நான் இருக்கிறேன்.

என்மேல் கோபப்படு. அங்கேயே பட்டு முடித்துவிட்டு வா என்று சொல்லமாட்டேன், அது முடிகிற கோபம் இல்லை. பத்தொன்பது வருஷத்தை நான் எடுத்துக்கொண்டேன், மாப்புக் கேட்டால் அது திரும்பி வருமா? கேட்கிறேன். கேட்டுவிட்டேன். நீ தருகிற நாளில் தா, தராவிட்டாலும் நான் உன் அம்மைதான். சூசை மாமாவிடமும் போகப் போகிறேன். செவ்வாய்க்கிழமை புதுக்கடைக்குப் போய், அவர் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எல்லாரும் கேட்க அவருடைய காலுக்கு மாப்புக் கேட்பேன். அவர் சிரித்து மழுப்புவார். விடமாட்டேன்.

இனி உன் காரியம். இதை வாசித்து முடித்ததும் வண்டியை ஊருக்கு வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டுக்குக் கொண்டுபோ. முத்தையா சொல்லித் தருவான், அவனுக்கு அவ்வளவு பொறுமை உண்டு. முதலில் நிறுத்தப் படி, பிறகு ஓடப் படி. மாட்டுவண்டி தெரிந்தால் வண்டிக்காரன் முழித்திருக்கிறான் என்று நினைக்காதே. கை நடுங்கும். அது வலிப்பு இல்லை மக்களே, பயம். எல்லாருக்கும் வரும், உங்கப்பாவுக்கும் வந்திருக்கிறது, ஒரு பர்லாங்கில் போய்விடும். முத்தையாவைப் பின்னால் உட்கார வை. இத்தனை தூரம் அவன் பாரம் சுமந்தாயிற்று, இனி அவன் வேடிக்கை பார்த்து வரட்டும். பம்பாய்க்குப் போனாலும் சரி, பாதியில் திரும்பினாலும் சரி, முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வா.

உன்
அம்மை